கடலூர்க் கடலில் பவளப் பாறை ஏன் இல்லை? – கேள்வி பதில்

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் பயின்று, பின்னர் அதையே கற்பித்தவன் என்ற முறையில், கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம்: இராமேசுவரத்தில் இருக்கும் பவளப் பாறை, அதே கிழக்குக் கரையில் உள்ள கடலூரில் ஏன் இல்லை?

பவளப் பாறையைக் கட்டும் உயிர்களுக்குத் தெளிந்த நீரும், பெரிதாக ஏறி இறங்காத உப்புத்தன்மையும், பற்றிக்கொள்ளக் கெட்டியான தரையும் வேண்டும். அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவே அவற்றின் பெரும்பகுதி ஆகாரம் என்பதால், கலங்கல் நீர் அவற்றைப் பட்டினி போட்டுவிடும். நம் கரையிலோ தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டலையும் நன்னீரையும் ஒருசேரக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடல் தரையும் பெரும்பாலும் மணலும் சேறும்தான். இராமநாதபுரம் கரையில் நிலைமை வேறு. வைகை நீர் கடலைத் தொடுவதே அரிது. அதனால்தான் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் வளர்ந்தன. அங்கே 117 பவள இனங்கள் பதிவாகியுள்ளன.

இதைக் குறையாக எண்ண வேண்டாம். பவளத்தை விரட்டும் அதே வண்டல்தான் பிச்சாவரத்துச் சுரபுன்னை, வெண்கண்டல் ஆகிய அலையாத்தி மரங்களுக்கு நிலமாகிறது. நம் இறாலும் நண்டும் அங்கேதான் வளர்கின்றன.

நீர்மூழ்குப் பயிற்சி பெற்றவர், புதுச்சேரி: கடலடிப் பாறைகளில் கடல் விசிறிகளைக் கண்டேன். இராமேசுவரத்திலிருந்து பவளத் துண்டுகளைக் கொண்டுவந்து இங்கே நடலாமா?

கூடாது. அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம். கொண்டுவந்தாலும் முதல் மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். பாறை கட்டாத பவள வகையான விசிறிகளும், கடற்பஞ்சுகளும் நீரோட்டத்தில் வரும் உணவை வடித்து உண்பதால் கலங்கலில் தாக்குப்பிடிக்கின்றன.

மீனவர், வீராம்பட்டினம்: கடலில் கான்கிரீட் கட்டிகளை இறக்கிச் செயற்கைப் பார் அமைக்கிறார்கள். அதில் பவளம் வளருமா? எங்களுக்குப் பயன் உண்டா?

நம் பகுதியில் அதில் முதலில் பிடிப்பவை கொட்டலசும் (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்) சிப்பியும் பாசியும்தான். அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், அவற்றின் பின்னே கலவா, சங்கரா, பாரை போன்றவையும் வரும். ஆகவே தூண்டில்காரர்களுக்குப் பயன் உண்டு. ஆனால், மீன் ஓரிடத்தில் திரள்வதும் மீன்வளம் பெருகுவதும் ஒன்றல்ல. திரண்ட மீனைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டால் பார் இருந்தும் பயனில்லை. எந்த வலை அங்கே கூடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முன்கூட்டியே முடிவு செய்யாத இடத்தில் கட்டிகளை இறக்குவது, என் கருத்தில், பணத்தைக் கடலில் போடுவதாகும். புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்குள் அமைத்த தடுப்பு வேறு வகையைச் சேர்ந்தது; அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்கவைப்பதே அதன் வேலை.

இல்லத்தரசி, முத்தியால்பேட்டை: வெள்ளையாகிவிட்ட பவளம் செத்துவிட்டது என்று பொருளா?

உடனே அப்படிச் சொல்ல முடியாது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட நீர் ஏறத்தாழ 1 டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், நீடித்தால் பவளம் மடியும். மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இதைக் கண்டது. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது.

கடை வைத்திருப்பவர், கடலூர் முதுநகர்: அலங்காரத்துக்குப் பவளத் துண்டு விற்கலாமா?

விற்கக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

பள்ளி ஆசிரியர், சிதம்பரம்: அழிந்த சூழலை மீட்டெடுக்க முடியும் என்பதற்கு மாணவர்களிடம் எதைக் காட்டுவது?

இரண்டு சான்றுகள் உண்டு. தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2005 வாக்கில் அந்தத் தொழில் நின்ற பிறகே, தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை செய்த பவள நடவுக்குப் பொருள் ஏற்பட்டது.

மற்றொன்று உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் முற்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை முழுமையாக வெட்டியபோது, வெயில் பட்ட தரை காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் (கடல் ஏற்றத்தில் புகும் நீர்) வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்து, நாற்று எதுவும் பிழைக்காத நிலமாயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையுடனும் ஊர் மக்களுடனும் சேர்ந்து, நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வான கிளை வாய்க்கால்களுமாக மீன் முள் வடிவில் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தது. உப்பு குறைந்த பிறகே நட்டார்கள். நாற்று நடும் விழாக்கள் பல நடக்கின்றன. நீர் ஏன் தேங்கியது என்று முதலில் கேட்டவர்கள் செய்த வேலை இது என்பதால்தான் இதை நான் முன்வைக்கிறேன்.

தை, மாசியில் அழைத்துச் செல்லுங்கள். மழைக்கால வெள்ளம் அப்போது வடிந்திருக்கும். உப்புமானி ஒன்றைக் கடனாகப் பெற்று, வெள்ளாற்று முகத்துவாரத்திலும் அதற்கு மேற்கே சில இடங்களிலும் நீரை எடுத்து மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். ஓதம் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை அளந்தால் வேறுபாடு அவர்களுக்கே புலப்படும்.