கருநிறச் சருமத்துக்கு இயல்பான ஒப்பனை: கேள்வி பதில்

கருநிறமோ அடர்ந்த மாநிறமோ கொண்ட பெண்கள், தங்கள் நிறத்தை மாற்றிக் காட்டாமல் அன்றாடம் செய்துகொள்ளக்கூடிய ஒப்பனையைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகள் பலவாக இருந்தாலும், அவற்றில் பாதிக்கு மேல் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஒப்பனைப் பொருளுக்குள் கலந்திருக்கும் வெள்ளை. அதனால் முதல் பதில் சற்று நீளமாக இருக்கும்.

கேள்வி: மேடம், எந்த ஃபவுண்டேஷன் போட்டாலும் என் முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகிறது. கடையில் ‘இதுதான் உங்கள் ஷேடு’ என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். என் நிறத்துக்கு மேக்கப்பே ஒத்துவராதா?

பதில்: ஒத்துவராதது அந்தக் கலவை, உங்கள் நிறத்தின்மேல் பழி போடாதீர்கள். முகத்தின் நிறம் சீராகத் தெரிவதற்காகப் பூசும் ஃபவுண்டேஷன்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் நிறமும் நான்கு நிறமிகளால் ஆனது: டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளையும், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று இரும்பு ஆக்சைடுகளும். வெளிர் ஷேடுகளில் வெள்ளைக்குத்தான் முதலிடம். அடர்ந்த ஷேடு ஒன்றை ஒழுங்காக உருவாக்க வேண்டுமென்றால், வெள்ளையை வெகுவாகக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் நிறைவாகச் சேர்த்து, கறுப்பை அளவோடு கூட்ட வேண்டும். அந்தப் பாடுபடாமல், இருக்கிற கலவையிலேயே கறுப்பைக் கொட்டி இருட்டாக்கினால், வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பலாகத்தான் முடியும். புட்டியில் பார்க்கும்போது இது தெரியாது. தோலின்மேல் மெல்லியதாகப் பரவும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே வாங்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு துளியை முன்கையில் வைத்து, விரலால் நீளமாக இழுத்து, ஜன்னலோர வெளிச்சத்தில் அந்தக் கோடு தேய்ந்து முடிகிற விளிம்பைப் பாருங்கள். கோட்டின் நடுவில் எல்லா ஃபவுண்டேஷனும் நன்றாகத்தான் இருக்கும். விளிம்பு செம்பழுப்பாகவோ பொன்பழுப்பாகவோ தோலோடு கரைந்தால் நல்ல கலவை. புகை படிந்த வெண்மை தெரிந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஃபவுண்டேஷன் குற்றமற்றதாக இருந்தும் முகம் வெளிறினால், அதற்குக் கீழே பூசிய சன்ஸ்கிரீனையும் மேலே போட்ட பவுடரையும் சந்தேகியுங்கள். வறட்சியும் ஒரு காரணம்தான்: உலர்ந்த தோலின் மேற்செதில்கள் ஒளியைச் சிதறடிப்பதால், அடர்ந்த நிறத்தில் வறட்சியே சாம்பலாகத் தெரியும். முகம் கழுவி ஈரம் முழுதும் காய்வதற்கு முன்பே மாய்ஸ்சரைசர் தடவி, சில நிமிடங்கள் விட்டு ஒப்பனையைத் தொடங்கினால் பலருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எது காரணம் என்று பிடிபடவில்லையென்றால், முகத்தின் ஒரு பாதியில் மட்டும் ஒரு பொருளைத் தவிர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கங்களையும் கண்ணாடியில் ஒன்றாகப் பார்க்கும்போது விடை கிடைத்துவிடும்.

கேள்வி: மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்கிறார்கள். எனக்கு நரம்பே தெரிவதில்லை. என் அண்டர்டோனை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அண்டர்டோன் என்பது தோலின் மேல்நிறத்துக்கு அடியில் ஓடும் சாயல். நரம்பைப் பார்க்கும் அந்தச் சோதனை வெளிர்நிறத்தாரை மனத்தில் வைத்து உருவானது, அதை விட்டுவிடுங்கள். அடர்ந்த நிறத்தில் செம்மை ஓடுவது, பொன்மஞ்சள் ஓடுவது, பச்சை கலந்த ஆலிவ், செம்மைக்கும் மஞ்சளுக்கும் நடுவான நியூட்ரல், நீலம் தொனிக்கும் மிக அடர்ந்த நிறம் என்று பல வகைகள் உண்டு. இவற்றை வார்ம், கூல் என்ற இரண்டே கூடைகளில் போட்டால் தவறான ஷேடுதான் கையில் கிடைக்கும்.

செய்ய வேண்டியது எளியது. ஒரே அடர்த்தியில் செம்மை கூடியது, மஞ்சள் கூடியது, நடுத்தரமானது என மூன்று ஷேடுகளைத் தாடையிலிருந்து கழுத்துக்குள் இறங்கும்படி மூன்று கோடுகளாகத் தடவுங்கள். உடனே முடிவு செய்யாதீர்கள். ஃபவுண்டேஷனில் உள்ள ஆவியாகும் பொருள்கள் போய், தோலின் எண்ணெய் கலந்த பிறகு பல கலவைகள் இருண்டுபோகும் அல்லது ஆரஞ்சாக மாறும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் காத்திருந்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால், மூன்றில் ஒன்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். உங்கள் ஷேடு அதுதான். ஒப்பனைக் கவுன்ட்டர்களின் விளக்குகள் விற்பனைக்காக வைக்கப்பட்டவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: இப்போது நிறைய ஷேடுகள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் இந்தத் திண்டாட்டம்?

பதில்: எண்ணிக்கை கூடியது உண்மை. கறுப்பினப் பெண்களுக்கென்றே ஃபேஷன் ஃபேர் என்ற ஒப்பனை நிறுவனம் 1973 இலும், வெள்ளையரல்லாத பெண்களுக்கென இமான் காஸ்மெட்டிக்ஸ் 1994 இலும் தொடங்கப்பட்டன. 2017 இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்த பிறகு பெரிய நிறுவனங்களும் தங்கள் வரிசையை நீட்டின. ஆனால் வரிசையின் நீளத்தைவிட, அதன் அடர்ந்த முனையில் ஒரு ஷேடுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். வெளிர் பக்கத்தில் மயிரிழை வேறுபாட்டில் பல ஷேடுகளை அடுக்கிவிட்டு, கடைசி நான்கைந்தில் ஒரேயடியாகத் தாவும் வரிசைகள் இன்றும் உண்டு. அப்படி இரண்டுக்கும் இடையில் சிக்கியவர்கள் இரண்டையும் வாங்கிக் கலந்துகொள்வதே வழி. அடர்ந்ததை முதலில் எடுத்து, வெளிர்ந்ததைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.

கேள்வி: அக்கா, என் நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கருத்திருக்கும், கன்னம் மட்டும் வெளிறியிருக்கும். எந்த இடத்துக்குப் பொருந்தும்படி ஃபவுண்டேஷன் வாங்குவது?

பதில்: கழுத்துக்கும் தாடைக்கும் பொருந்தும்படி வாங்குங்கள். அடர்ந்த நிறமுள்ள முகங்களில் நடுப்பகுதி சற்று வெளிர்ந்தும் ஓரங்கள் சற்று ஆழ்ந்தும் இருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு. முகத்துக்கு வடிவம் தருவதே அந்த வேறுபாடுதான். அதை ஒரே நிறமாக அழித்துவிட்டு, பிறகு கான்டூர் என்ற பெயரில் அடர்நிறத்தால் நிழல்போலத் திரும்ப வரைவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மூக்கின் இருபுறமும் வாயைச் சுற்றியும் மட்டும் ஃபவுண்டேஷனை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி, நெற்றி ஓரத்தையும் தாடைக் கோட்டையும் ஸ்பாஞ்சில் மிஞ்சியதைக் கொண்டு முடித்துவிடுங்கள். பருத் தழும்பு தனியாகத் தெரிந்தால், அந்தப் புள்ளியில் மட்டும் சிறிய பிரஷ்ஷால் கன்சீலரை (கறையை மறைக்கும் அடர்த்தியான கிரீமை) வைத்து, நடுவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் தட்டிக் கரையுங்கள்.

கேள்வி: கான்டூர் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: கருவளையத்தின்மேல் கன்சீலர் போட்டால் கண்ணுக்குக் கீழே நீலச்சாம்பல் பட்டை விழுகிறது. வெளிர்ந்த கன்சீலர் வாங்கினால் இன்னும் மோசம்.

பதில்: கருவளையத்தில் நீலமும் பழுப்பும் கலந்திருக்கின்றன. அதன்மேல் வெளிர்ந்த நிறத்தைப் பூசினால் அடியிலுள்ள நீலம் சாம்பலாக மேலெழும். நீலத்தை அடக்குவது அதற்கு எதிர்நிறமான ஆரஞ்சு. மாநிறத்துக்கு அடர் பீச், அதைவிட ஆழ்ந்த நிறத்துக்கு ஆரஞ்சு, மிக அடர்ந்த நிறத்துக்குச் செங்கல் சிவப்பு என்று கரெக்டரை, அதாவது கன்சீலருக்கு முன்பு பூசும் நிறத்திருத்தியை, தேர்ந்தெடுக்கலாம்.

பூசும் இடமும் அளவும் முக்கியம். குண்டூசித் தலையளவு எடுத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து கருமை இருக்கும் வரை மட்டும், மோதிர விரலால் தேய்க்காமல் அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டுப் பார்க்கும்போது அந்த இடம் ஆரஞ்சாகத் தெரியக் கூடாது. கருமை தணிந்து வெறும் பழுப்பாகத் தெரிய வேண்டும். ஆரஞ்சாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது. அதன்மேல் உங்கள் நிறத்திலேயே, மிஞ்சிப்போனால் ஒரு ஷேடு வெளிர்ந்த கன்சீலரை ஒற்றினால் போதும். கரெக்டர் சரியாக அமைந்த நாள்களில் கன்சீலரே தேவைப்படாது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்து அதன் நிழல் தெரிகிறதென்றால், அதை எந்த நிறமும் முழுதாக மறைக்காது. அடுக்கடுக்காகப் பூசி அலுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ப்ளஷ் போட்டால் ஒன்று தெரிவதே இல்லை, இல்லாவிட்டால் கன்னத்தில் வெள்ளைத் தூள் நிற்கிறது.

பதில்: இளஞ்சிவப்பு என்பது வெள்ளை கலந்த சிவப்புதானே? அந்த வெள்ளைதான் உங்கள் கன்னத்தில் நிற்கிறது. டப்பாவில் பார்க்கும்போது ‘இதை யார் போடுவார்கள்’ என்று மிரட்டும் நிறங்களைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்: அடர் ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, நாவல் ஊதா, ஃபூஷியா. கிரீம் ப்ளஷ்ஷைப் புறங்கையில் தேய்த்து மெலிதாக்கி, கன்ன எலும்பின் மேற்பக்கத்தில் விரலால் தட்டினால், வெயிலில் நடந்து வந்த முகத்தில் வரும் சூடு மட்டும் தெரியும். முகத்தின் மேடான இடங்களில் மினுமினுப்புக்காகப் பூசும் ஹைலைட்டருக்கும் இதே கணக்குதான்: வெள்ளியும் முத்துநிறமும் வேண்டாம், பொன், செம்பு, வெண்கலம் நன்றாக அமையும்.

கேள்வி: சன்ஸ்கிரீன் போட்டால் முகம் வெளுக்கிறது. கருத்த தோலுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். தோலின் நிறமியான மெலனின் ஓரளவு காப்பு தருவது உண்மைதான். ஆனால் பருத் தழும்பும் மங்குவும் நாள்பட நிற்பது நம் போன்ற நிறத்தாருக்குத்தான். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் உள்ள சன்ஸ்கிரீன்கள் வெளுக்கும்; புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயன வடிப்பான்கள் உள்ளவை பெரும்பாலும் வெளுப்பதில்லை. இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் ஊதா நீலப் பகுதியும், அடர்ந்த தோலில் நிறமியைத் தூண்டிக் கருமையை நீடிக்கச் செய்கின்றன. நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். உங்கள் நிறத்துக்கு அருகில் ஒன்று கிடைத்தால் வெளுப்பும் நீங்கும், பல நாள்களில் ஃபவுண்டேஷனும் மிச்சமாகும். வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். சுட்டு விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிதுக்கும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். ஃபவுண்டேஷனில் உள்ள எஸ்பிஎஃப் அதற்கு ஈடாகாது, ஏனென்றால் அத்தனை ஃபவுண்டேஷனை யாரும் பூசிக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: என் மேலுதடு கருத்தும் கீழுதடு சிவந்தும் இருக்கிறது. நியூட் லிப்ஸ்டிக் போட்டால் நோயாளி மாதிரி இருக்கிறேன்.

பதில்: நியூட் என்பது அவரவர் உதட்டு நிறத்தை ஒட்டிய நிறம். நீங்கள் வாங்கியது வேறொருவருடைய நியூட். உங்கள் மேலுதட்டின் நிறத்திலேயே, அடர் பழுப்பில் ஒரு லிப் லைனர் வாங்குங்கள். மேலுதட்டின் விளிம்பைத் தொடாமல், கீழுதட்டின் ஓரத்தை மட்டும் அதனால் வரைந்து உள்நோக்கித் தேய்த்தால் இரண்டும் நெருங்கிவரும். அதன்மேல் செம்பழுப்போ, பெர்ரி நிறமோ, ஒளி ஊடுருவும் லிப் பாம் வகையாகப் பாருங்கள். கீழுதட்டின் நடுவில் இயற்கையான சிவப்பு சற்றுத் தெரியட்டும். அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: நேரில் நன்றாக இருக்கும் முகம், ஃபிளாஷ் போட்ட படத்தில் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

பதில்: சிலிக்கா நிறைந்த, நிறமற்ற டிரான்ஸ்லூசென்ட் பவுடரும், வெளுக்கும் சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நிறமுள்ள பவுடருக்கு மாறி, நெற்றி நடுவிலும் மூக்கிலும் மட்டும் ஒற்றுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58, மகளே. பவுடர் போட்டால் சுருக்கங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வயதில் எனக்கு எவ்வளவு ஒப்பனை பொருந்தும்?

பதில்: உங்களுக்குப் பிடித்த அளவு பொருந்தும், அம்மா. பவுடரை மூக்கோடு நிறுத்திக்கொண்டு, மற்றதெல்லாம் கிரீமாக வைத்துக்கொள்ளுங்கள். தோலின் இயல்பான பளபளப்பு அடர்ந்த நிறத்துக்கு அழகு. அதை எண்ணெய் வழிகிறது என்று எண்ணித் துடைக்க வேண்டாம். நரைத்த புருவத்துக்குக் கருமையான பென்சிலைவிட அடர் பழுப்பு மென்மையாக இருக்கும். கண்ணுக்கும் கறுப்புக் காஜலோடு அடர் பழுப்பையோ நாவல் ஊதாவையோ மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் கழுத்து முகத்தைவிட மிகவும் கருத்திருக்கிறது. அங்கேயும் ஃபவுண்டேஷன் பூசலாமா?

பதில்: பூசினால் உடையில் ஒட்டும், மார்பின் மேற்பகுதி நிறத்துக்கு முகத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கழுத்து மடிப்பில் தோல் தடித்து, மெத்தென்று கருத்திருந்தால் அதை ஒப்பனைச் சிக்கலாக எண்ண வேண்டாம். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அப்படித் தோன்றுவதுண்டு. ஒரு மருத்துவரிடம் காட்டி, ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். தேய்த்துக் குளித்து அதைப் போக்க முடியாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும்.

கேள்வி: என் திருமணத்துக்கு ஒப்பனைக் கலைஞர் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். அவர் செய்த மணப்பெண்கள் எல்லாரும் சொந்த நிறத்தைவிட வெளுத்துத் தெரிகிறார்கள். அவர் முகம் சுளிக்காதபடி எப்படிச் சொல்வது?

பதில்: ‘இயல்பாக வேண்டும்’ என்று மட்டும் சொன்னால், அவர் தமக்குத் தெரிந்த இயல்பைச் செய்துவிடுவார். ‘என் முகமும் கழுத்தும் தோளும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும், ஒரு ஷேடுகூட வெளிர வேண்டாம்’ என்று அளவாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஓர் ஒத்திகை கேளுங்கள். அது முடிந்ததும், கழுத்திலும் தோளிலும் எதையும் பூசவிடாமல், வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் ஃபில்டர் இல்லாமல் தோள்வரை தெரியும் படம் ஒன்றும், இருட்டில் ஃபிளாஷ் போட்டு ஒன்றும் எடுத்து அவரிடமே காட்டுங்கள். உங்களுக்குப் பொருந்திய ஃபவுண்டேஷனையும் கரெக்டரையும் கையோடு கொண்டுபோனால் நல்ல கலைஞர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தவறாக எடுத்துக்கொள்பவராக இருந்தால், அது ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது நல்லது. வேறொருவரைத் தேட உங்களுக்கு இன்னும் நாள் இருக்கும்.