மூளையும் நடத்தையும் படிக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தில் நரம்பறிவியலும் மனித நடத்தையும் படிப்பவர்கள், படிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாடம், ஆய்வகம், புள்ளியியல், ஆய்வேடு பற்றிய கேள்விகளை விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நோய், மருந்து பற்றிக் கேட்டால் மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

பள்ளி இறுதியாண்டு மாணவர்: மேடம், நான் கணிதமும் இயற்பியலும்தான் எடுத்திருக்கிறேன். உயிரியல் இல்லாமல் இந்தப் படிப்பில் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். செல்லின் அமைப்பு, செல்சவ்வு, புரதம் உருவாகும் விதம், அடிப்படை மரபியல் ஆகியவைதான் உங்களுக்கு விட்டுப்போனவை. ஒரு நீண்ட விடுமுறையில் பிடித்துவிடலாம். உயிரியல் மட்டும் படித்துவிட்டு, மடக்கையும் நிகழ்தகவும் அணிகளும் தெரியாமல் வருகிறவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் அதிகம் திணறுகிறார்கள். சேர்வதற்கு முன் பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழியில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து, சராசரி எடுத்து, வரைபடம் போடும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாண்டு மாணவி: அக்கா, நெர்ன்ஸ்ட் சமன்பாடு மனப்பாடம். ஆனால் "செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் என்ன ஆகும்" என்று கேட்டால் கை நின்றுவிடுகிறது.

சமன்பாட்டைச் சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள் அம்மா. உடல் வெப்பநிலையில், ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட அயனிக்கு, வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்து, 61.5ஆல் பெருக்கினால், அந்த அயனி உள்ளும் வெளியும் போவது சமமாகும் சவ்வு மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில் வரும். பொட்டாசியம் வெளியே 5, உள்ளே 140 மில்லிமோலார் என்றால் −89. சோடியம் வெளியே 145, உள்ளே 15 என்றால் +61. ஓய்வில் சவ்வு பெரும்பாலும் பொட்டாசியத்துக்கே வழிவிடுகிறது. சோடியம் கொஞ்சம் கசிகிறது. அதனால்தான் −89இல் நிற்காமல் −70 அருகே வந்து நிற்கிறது.

இப்போது வெளியே உள்ள 5ஐ 10 ஆக்குங்கள். −70.5 வரும். சுமார் 18 மில்லிவோல்ட் ஏறிவிட்டது. சவ்வின் மின்னழுத்தமும் அதே திசையில், அதைவிடச் சற்றுக் குறைவாக ஏறும். "ஆகவே நரம்பணு எளிதில் துடிக்கும்" (அதாவது மின்துடிப்பை எழுப்பும்) என்று எழுதி முடித்துவிடாதீர்கள், அது பாதி விடைதான். ஏற்றம் நீடித்தால், சோடியத்தை உள்ளே விடும் வாயில்களான சோடியம் சேனல்கள் செயலிழந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். முதலில் துடிப்பு கூடும், பிறகு அடங்கிப்போகும்.

இன்னொரு பிழையையும் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பில் உள்ளேயும் வெளியேயும் செறிவுகள் தலைகீழாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லை எடுத்துக்கொண்டு, சவ்வின் மின்தேக்குத்திறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட் என வைத்து, 100 மில்லிவோல்ட் மாற்றத்துக்கு எத்தனை அயனிகள் வேண்டும் என்று கணக்கிடுங்கள். உள்ளே இருக்கும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 45,000இல் ஒரு பங்குதான் வரும். உண்மையான செல்லில் இதைப்போல் சில மடங்கு ஆகலாம். அப்போதும் செறிவு அசையாது. சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு துடிப்பையும் "மீட்டெடுக்கிறது" என்ற வாக்கியம் ஏன் தவறு என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரிந்துவிடும்.

இளங்கலை மாணவர்: டோபமைன் டீடாக்ஸ் செய்தால் படிப்பில் கவனம் கூடுமா?

டோபமைன் என்பது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் வேதிப்பொருள். உடலில் சேர்ந்துவிட்ட நஞ்சல்ல, பட்டினி போட்டு வெளியேற்றுவதற்கு. அது இல்லாமல் உடல் அசைவே தடுமாறும். பார்க்கின்சன் நோயில் நடப்பது அதுதான். போனைத் தள்ளி வைத்தால் கவனம் கூடலாம். எதிரே இருக்கும் தூண்டுதல் விலகிவிட்டது என்பதே அதற்குப் போதுமான விளக்கம்.

இரண்டாமாண்டு மாணவர்: அடுத்த வாரம் ஆட்டு மூளையை வெட்டும் ஆய்வக வகுப்பு. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வெட்டுவதற்கு முன் பார்ப்பதில். வகுப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தி எடுக்காமலே செலவிடலாம்.

ஃபார்மலினில் இருந்த மூளையைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து அலசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கையுறை கட்டாயம், காற்றோட்டமும் வேண்டும். டியூரா என்ற தடித்த உறை இன்னும் இருந்தால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே அது ஆழமாக மடிந்து இறங்கும். இழுத்தால் கீழே உள்ளதும் கிழிந்து வரும். மழுங்கிய முனைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள். அடிப்பக்கத்தில் பிட்யூட்டரி சுரப்பி டியூராவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் அது போய்விடும், அதன் முன்னே எக்ஸ் வடிவில் இருக்கும் பார்வை நரம்புச் சந்திப்பும் சிதையும்.

பிறகு சிறுமூளையை மெல்லக் கீழே வளைத்தால் நடுமூளையின் நான்கு குன்றுகளும் பினியல் சுரப்பியும் தெரியும். இதைப் பார்க்காமல் நேரே பாதியாக வெட்டுகிறவர்கள் அப்புறம் தேடுவார்கள். நடுவெட்டுக்குச் சிறிய ஸ்கால்பெல் கூடாது. நீண்ட கத்தியைப் பிளவில் வைத்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் இரண்டு தாலமஸையும் இணைக்கும் வட்டப் பகுதி கூழாகிவிடும். மேலே இரு பெருமூளைப் பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்துக்கும் அதன் கீழுள்ள ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றைக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பும் போய்விடும்.

ஆட்டு மூளை ஏறக்குறைய நேர்கோட்டில் நீண்டிருக்கும். மனித மூளை நடுமூளை அருகே வளைகிறது. அதனால் மனிதனில் "முதுகுப்பக்கம்" என்ற சொல் பெருமூளையில் மேற்பக்கத்தையும் மூளைத்தண்டில் பின்பக்கத்தையும் குறிக்கும். செய்முறைத் தேர்வில் அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். ஒவ்வொரு அமைப்பையும் பார்த்தவுடன் நீங்களே வரையுங்கள். புகைப்படம் எடுத்தால் கண் பார்த்துவிடும், கை கற்றுக்கொள்ளாது.

பெயர் குறிப்பிடாதவர்: நான் வலது மூளைக்காரரா, இடது மூளைக்காரரா? அதற்கேற்பப் படிப்புமுறை உண்டா?

அப்படி ஒரு வகைப்பாடு இல்லை. வலக்கைக்காரர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கும் இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும் மொழி பெரும்பாலும் இடப்பக்கம் சார்ந்திருக்கிறது. அதிலிருந்து யாருக்கும் குணமோ படிப்புமுறையோ வராது.

முதுகலை மாணவி: ஆய்வேட்டுக்கு எஃப்எம்ஆர்ஐ (மூளையில் ரத்த ஆக்சிஜன் மாற்றத்தைக் காட்டும் ஸ்கேன்) தரவு கிடைத்திருக்கிறது. விளம்பரப் படங்கள் பார்க்கும்போது, அச்சத்தோடு தொடர்புபடுத்தப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இயங்கியது. "விளம்பரங்கள் அச்சத்தைத் தூண்டுகின்றன" என்று முடிவு எழுதலாமா?

எழுதாதீர்கள். முதல் கேள்வி: எதோடு ஒப்பிட்டு இயங்கியது? வெறும் திரையோடா, விளம்பரமல்லாத படங்களோடா? வெறும் திரையோடு ஒப்பிட்டால், முகங்கள், நிறம், புதுமை எல்லாம் சேர்ந்தே அந்த வேறுபாட்டுக்குள் இருக்கும்.

இரண்டாவது, "அச்சம் வந்தால் அமிக்டலா இயங்குகிறது" என்பதிலிருந்து "அமிக்டலா இயங்கினால் அச்சம்" என்பது வராது. இந்தத் தலைகீழ் ஊகத்தின் சிக்கலை ரஸல் போல்ட்ராக் 2006இல் தெளிவாக எடுத்துக்காட்டினார். இனிய காட்சிக்கும் அமிக்டலா இயங்கும், எதிர்பாராததற்கும் இயங்கும். மறுபக்கமும் உண்டு. இரு பக்க அமிக்டலாவும் சிதைந்த எஸ்.எம். என்ற பெண் பாம்புக்கோ சிலந்திக்கோ அஞ்சவில்லை. அவரும் அதே பாதிப்புள்ள வேறு இருவரும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் பீதிக்கு உள்ளானார்கள். 2013இல் வெளியான ஆய்வு இது. அச்சத்துக்கு ஒரே முகவரி இல்லை என்பதற்கு இது போதும்.

மூன்றாவது, பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதற்கான புள்ளியியல் திருத்தம் செய்தீர்களா? 20 தனித்தனிச் சோதனைகளை 0.05 வரம்பில் செய்தால், எதுவுமே இல்லாத இடத்திலும் குறைந்தது ஒன்றாவது "கிடைப்பதற்கு" 64 சதவீத வாய்ப்பு உண்டு. உங்கள் படத்தில் வாக்ஸல்கள் என்ற சிறு கனத்துண்டுகள் பல்லாயிரம் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு சோதனை. 2009இல் இறந்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். திருத்தம் செய்யாதபோது மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது.

நீங்கள் எழுதக்கூடியது: "இன்ன நிலையோடு ஒப்பிடும்போது, இன்ன திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பகுதியில் ரத்த ஆக்சிஜன் சார்ந்த சமிக்ஞை கூடியது." அச்சம் பற்றிப் பேச வேண்டுமானால் அச்சத்தைத் தனியாக அளந்திருக்க வேண்டும்: தோலின் மின்கடத்தல், மதிப்பீட்டுக் கேள்விகள், விலகிப்போகும் நடத்தை, ஏதாவது ஒன்று.

கணினி அறிவியல் மாணவர்: மேடம், ஒரு கேள்வி. நடத்தை பற்றிய பாடத்தாள்கள் எதற்கு? எல்லா நரம்பணுக்களையும் இணைப்புகளையும் வரைந்துவிட்டால் நடத்தை தானாக விளங்கிவிடாதா?

சீனோரப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவுக்கு 302 நரம்பணுக்கள். இணைப்புப் படம் 1986இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இணைப்பு எவ்வளவு வலுவானது, தூண்டுவதா தடுப்பதா என்பது படத்தில் முழுமையாக இல்லை. இணைப்பே இல்லாமல் பரவும் நியூரோபெப்டைடுகள் என்ற சமிக்ஞை மூலக்கூறுகளும் இருக்கின்றன.

அதே மாணவர்: அது தரவுப் பற்றாக்குறைதானே? மூலக்கூறு விவரங்களும் சேர்ந்தால் தீர்ந்துவிடும்.

தீராது. நண்டு வகைகளின் இரைப்பையை இயக்கும் நரம்பு முடிச்சில் சுமார் 30 நரம்பணுக்கள்தான். ஈவ் மார்டர் குழுவினர் 2004இல் அந்தச் சுற்றின் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கணினியில் ஓட்டினார்கள். அயனிச் சேனல்களுக்கும் இணைப்புகளின் வலுவுக்கும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட அளவுகளை வைத்தபோதும் ஒரே தாளம் வந்தது. ஆகவே ஒரு விலங்கின் எல்லா அளவுகளும் கையில் இருந்தாலும், எது முக்கியம் என்பதை அளவுகள் சொல்லாது. தாளம்தான் சொல்லும். தாளம் என்பது நடத்தை.

உங்கள் துறையிலிருந்தே இன்னொன்று. 2017இல் ஜோனாஸ், கோர்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய கணினிகளில் இருந்த 6502 நுண்செயலியை நரம்பறிவியல் முறைகளால் ஆராய்ந்தார்கள். டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றையும் அணைத்து, அதில் ஓடும் எந்தக் கணினி விளையாட்டு நிற்கிறது என்று பார்த்தார்கள். ஒரு விளையாட்டை மட்டும் நிறுத்தும் டிரான்சிஸ்டர்கள் கிடைத்தன. அதை "அந்த விளையாட்டின் டிரான்சிஸ்டர்" என்று நீங்கள் ஏற்பீர்களா? இத்தனைக்கும் அந்தச் செயலியின் எல்லா இணைப்பும் தெரியும்.

உளவியல் முதுகலை மாணவி: அப்படியானால் உளவியலே போதும், நரம்பணு வேண்டாம் என்கிறீர்களா மேடம்?

இல்லை. 1953இல் எச்.எம். என்று அறியப்பட்ட நோயாளி ஹென்றி மொலைசனின் மூளையில் இரு பக்க உட்பொட்டுப் பகுதிகளும், அங்கே உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற அமைப்பின் பெரும்பகுதியோடு, அறுவையில் அகற்றப்பட்டன. புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது நாளுக்கு நாள் பிழை குறைந்தது. முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு ஒரே பொருளல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்ட மூளைப் பாதிப்பு வேண்டியிருந்தது. அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் சரியான நடத்தைச் சோதனையைத் தேர்ந்திருக்காவிட்டால் அந்தப் பாதிப்பும் இதைச் சொல்லியிருக்காது.

கணினி அறிவியல் மாணவர்: 2024இல் பழ ஈயின் முழு மூளை இணைப்புப் படம் வந்ததே, சுமார் 1,39,000 நரம்பணுக்கள். அதை வைத்து மாதிரி ஓட்டி, சரியான கணிப்பும் செய்தார்களே?

செய்தார்கள். நல்ல எடுத்துக்காட்டு, உங்கள் பக்கம் வலுவான சான்று. சர்க்கரையை உணரும் நரம்பணுக்களைத் தூண்டினால் எவை இயங்கும் என்று எளிய மாதிரியே கணித்தது; சோதனைகளிலும் பெரும்பாலும் ஒத்துவந்தது. இணைப்புப் படம் இல்லாமல் அது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் மாதிரியிடம் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: சர்க்கரை பட்டால் ஈ உறிஞ்சுகுழலை நீட்டும், அது எப்படி நடக்கிறது? அந்த நடத்தை முன்பே துல்லியமாக அளக்கப்பட்டிருந்தது. கேள்வியே அங்கிருந்துதான் வந்தது. நடத்தைத் தாள்களை விட்டுவிடாதீர்கள், தம்பி. உங்கள் கணினித் திறமை அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

மற்றொருவர்: சமூக ஊடகம் பார்த்தால் டோபமைன் தீர்ந்துபோகுமா?

தீராது. மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகளின் நாக்கில் இனிப்பை வைத்தால் வழக்கம்போல ருசித்து நக்குகின்றன. தானாகப் போய் உண்பதில்லை. ஆகவே அதை "இன்ப ரசாயனம்" என்பதும் பொருந்தாது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை டோபமைன் நரம்பணுக்கள் சுமப்பதைக் குரங்குகளில் நரம்பறிவியலாளர் ஷுல்ட்ஸ் காட்டினார். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

ஒரு தாய்: என் மகனுக்கு எட்டு வயது. ஒரு இடத்தில் உட்காரமாட்டான். எந்த மூளைப் பகுதியில் குறை இருக்கும்?

இதை எழுத்தில் சொல்ல முடியாது அம்மா, ஸ்கேன் எடுத்தும் சொல்ல முடியாது. குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பள்ளியிலும் வீட்டிலும் எப்போது, எவ்வளவு நேரம் உட்காருகிறான் என்று இரண்டு வாரம் குறித்து எடுத்துச் சென்றால் அவருக்கு உதவும்.

மூன்றாமாண்டு மாணவர்: நிறப்பெயர் எந்த நிறத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும் ஸ்ட்ரூப் சோதனையைக் கணினியில் செய்கிறோம். நிறமும் சொல்லும் பொருந்துபவை 48, பொருந்தாதவை 48. சரியா?

எண்ணிக்கை சரி, கலவையைப் பாருங்கள். நான்கு நிறம் என்றால் பொருந்தும் இணைகள் 4, பொருந்தாதவை 12. அப்போது பொருந்தும் ஒவ்வொரு இணையும் 12 முறை வரும், பொருந்தாதது 4 முறைதான். உங்களுக்குக் கிடைக்கும் வேறுபாட்டில் ஒரு பகுதி வெறும் பழக்கம். மறுபடியும் அதே கேள்விதான்: எதோடு ஒப்பிடுகிறீர்கள்? "சிவப்பு" என்ற சொல்லைச் சிவப்பிலும் நீலத்திலும் மட்டும் காட்டுங்கள், "நீலம்" என்பதை நீலத்திலும் சிவப்பிலும் மட்டும்; பச்சைக்கும் மஞ்சளுக்கும் அதேபோல. எல்லா இணையும் 12 முறை வரும்.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். புளூடூத் விசைப்பலகை வேண்டாம். அதன் தாமதம் ஒரே அளவில் இருக்காது. 200 மில்லிவினாடிக்குக் குறைந்த பதில்கள் சொல்லைப் பார்க்காமலே அழுத்தியவை, நீக்குங்கள். இந்த விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். எதிர்வினை நேரங்கள் வலப்பக்கம் நீண்டு சாயும். ஒவ்வொருவருக்கும் சராசரியோடு இடைநிலையையும் எடுத்துப் பாருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரும் முன் நண்பர்களிடம்கூடத் தரவு எடுக்காதீர்கள்.

இன்னொருவர்: டோபமைனை இயற்கையாகக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

டோபமைன் பற்றி இரண்டு பதில் மேலே இருக்கின்றன. உணவு என் துறையல்ல.

முதுகலை மாணவர்: இஇஜி (தலையில் மின்முனை வைத்துப் பதியும் மூளை மின்னலை) தரவில் அலைகள் மேலும் கீழும் மிதக்கின்றன. 1 ஹெர்ட்ஸுக்குக் கீழான மெதுவான அலைகளை நீக்கும் உயர்கடத்தி வடிகட்டி போட்டால் அழகாகிவிடுகிறது. அப்படியே வைக்கலாமா?

நீங்கள் ஆராய்வது தூண்டல் காட்டி 300 மில்லிவினாடிக்குப் பிறகு வரும் மெதுவான அலை என்றால் கூடாது. அந்த அலையையே வெட்டிவிட்டு, அதற்கு முன்னே எதிர்த்திசையில் ஒரு போலி அலையை உண்டாக்கும். அதற்கு ஒரு உளவியல் பெயர் வைத்து ஆய்வேட்டில் விளக்கம் எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. 0.1 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். மிதப்பு பெரும்பாலும் வியர்வையாலும் சரியாகப் பதியாத மின்முனையாலும் வரும். அறையைக் குளிர வைத்து, மின்முனைகளின் மின்மறுப்பைப் பதிவுக்கு முன்பும் நடுவிலும் சரிபாருங்கள். கண்களை மூடச் சொல்லி இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்தலையில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை பெரும்பாலானோரிடம் தெளிவாக எழும். ஒருவரிடமும் வரவில்லை என்றால், பதிவைத் தொடராமல் இணைப்புகளைப் பாருங்கள்.