வீடியோவில் குழந்தை மருத்துவர்: எதற்குப் போதும், எதற்குப் போதாது?

கேள்வி: வால்பாறை அருகே தேயிலை எஸ்டேட்டில் குடியிருக்கிறோம். 14 மாத மகனுக்கு அடிக்கடி சளி, காய்ச்சல். பொள்ளாச்சியில் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக் குழந்தை துவண்டுவிடுகிறான். செல்பேசியில் வீடியோ வழியாகக் காட்டினால் போதாதா?

பதில்: பல நேரங்களில் போதும். தோல் தடிப்பு, உணவு பற்றிய சந்தேகம், ஏற்கெனவே நேரில் காட்டிய நோயின் தொடர் கவனிப்பு ஆகியவற்றுக்கு நீங்கள் மலையிறங்க வேண்டியதில்லை. சளி, காய்ச்சலில்தான் சிக்கல். செவிப்பறை சிவந்திருக்கிறதா, நெஞ்சில் இரைச்சல் கேட்கிறதா என்பது செல்பேசித் திரையில் தெரியாது. தெரியாதபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் எழுதிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. குழந்தைகளின் மூச்சுப்பாதைத் தொற்று பற்றி அமெரிக்காவில் 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. தனியார் தொலைமருத்துவ நிறுவனங்கள் வழியாகப் பெற்ற ஆலோசனைகளில் 52 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருந்தது. வழக்கமான மருத்துவரை நேரில் பார்த்தபோது 31 சதவீதம்தான். எனவே வீடியோவில் ஆன்டிபயாடிக் எழுதினால், எந்த அறிகுறியை வைத்து என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற மருத்துவரை மாற்றிவிடலாம்.

அதே நாட்டில், ராச்செஸ்டர் நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த முயற்சி நன்றாகவே பலித்தது. அங்கே பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் குழந்தையின் பக்கத்தில் இருந்து, காதுக்குள் பார்க்கும் கேமராவையும் மின்னணு ஸ்டெதஸ்கோப்பையும் வைத்து, படத்தையும் ஒலியையும் மருத்துவருக்கு அனுப்பினார். நோயால் காப்பகத்துக்கு வராத நாட்கள் 63 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளியிட்டார்கள். குழந்தையைத் தொட்டுப் பார்க்கப் பழகிய ஒரு கை அருகில் இருந்ததுதான் இங்கே முக்கியம் என்பது என் கருத்து.

ஆகவே வீட்டிலிருந்து அழைப்பதைவிட, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய், செவிலியர் உதவியோடு அரசின் இ-சஞ்சீவனி சேவையில் மருத்துவரிடம் பேசுங்கள். கட்டணம் இல்லை. எடையும் காய்ச்சல் அளவும் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

வீட்டிலிருந்துதான் அழைக்க முடியும் என்றால், எஸ்டேட்டில் சிக்னல் எப்படியும் விட்டு விட்டுத்தான் வரும். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முழு நிமிடம் படம் பிடித்து முன்கூட்டியே அனுப்புங்கள். தடைபடும் நேரலையைவிட எனக்கு அந்தப் பதிவு பலமடங்கு உதவும். மூச்சை நீங்களும் எண்ணுங்கள். உங்கள் மகன் வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே நேரில் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால், தண்ணீர் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் கண் திறக்காமல் கிடந்தாலோ படம் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108. பொள்ளாச்சி வரை போக வேண்டும் என்று நினைக்காமல் வால்பாறை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள்.

இன்னொன்று: 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதல்படி, 16 வயது வரையுள்ளவர்களுக்குத் தொலைமருத்துவ ஆலோசனையின்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். குழந்தை பாட்டியிடம் இருக்க, நீங்கள் தேயிலைக் காட்டிலிருந்து அழைப்பதில் பயனில்லை. பாட்டியே பேசட்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமிலும் 250 மில்லிகிராமிலும் வருகிறது. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். போன முறை கொடுத்த அதே அளவு என்று ஊற்றினால் மருந்து இரு மடங்கு, நான்கு மடங்குகூட ஆகிவிடலாம். பாட்டிலின் லேபிளைக் கேமராவுக்குக் காட்டி, குழந்தையின் இன்றைய எடையைச் சொல்லி, எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.