கிராண்ட் வந்தது, விதைக்கும் பருவம் போயிருந்தது: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வேளாண் ஆய்வுக்காக மத்திய அரசிடம் போட்டி போட்டு ஆய்வு மானியம் வாங்குவதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதி, அந்த முறையைக் கொஞ்சம் குறையும் சொல்லியிருந்தேன். அதற்கே இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கோதுமைத் துரு நோயைப் பற்றிப் பதினாறு வருடம் ஆய்வு செய்தவன் நான். விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், அடுத்தவர் எழுதியதைப் படித்து மதிப்பிடும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததை அப்படியே சொல்கிறேன்.

கேள்வி: மானியம் என்கிறீர்களே, நம் ஊர் உர மானியம், சொட்டுநீர் மானியம் மாதிரியா? விவசாயி கைக்கு வருமா? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை. தமிழில் இந்த ஒரு சொல்லே இரண்டு வேலை பார்க்கிறது, குழப்பம் அதனால்தான். உர மானியம் விலையைக் குறைக்க அரசு கொடுப்பது. நான் சொன்னது, “இந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறேன், இத்தனை வருடம், இவ்வளவு செலவு” என்று எழுதிக் கேட்டு வாங்கும் ஆய்வுப் பணம். கல்வி வட்டாரத்தில் நல்கை என்பார்கள், பேச்சில் எல்லோருக்கும் அது கிராண்ட்தான். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கே போகிறது. விவசாயியே நேரடியாக விண்ணப்பிக்கக்கூடியதும் ஒன்று உண்டு: 1988 முதல் நடக்கும் நிலைத்த வேளாண்மை ஆய்வு, கல்வித் திட்டம். சின்னத் தொகைதான், ஆனால் தன் வயலில் தானே சோதனை செய்து பார்க்க அது போதும். எனக்கு மிகவும் பிடித்த திட்டம்.

கேள்வி: எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்குப் போட்டி? (மதுரை வாசகர்)

முதலில் பிரித்துத்தான் கொடுத்தார்கள். 1862இல் மோரில் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு மாநிலத்துக்கு மத்திய நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எத்தனை உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர் நிலம், அதை விற்ற பணத்தை வைத்துக் கல்லூரி நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். நிலக்கொடைப் பல்கலைக்கழகம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். (அந்த நிலத்தில் பெரும்பகுதி பழங்குடி மக்களிடமிருந்து எடுத்தது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பழங்குடிக் கல்லூரிகளுக்கு நிலக்கொடைத் தகுதி கிடைக்க 1994 வரை ஆனது.) அப்புறம் 1887இல் ஹேட்ச் சட்டம், மாநிலத்துக்கு வருடம் 15,000 டாலர், ஆராய்ச்சி நிலையம் நடத்த. அந்தப் பணம் இன்றும் வருகிறது, கிராமப்புற மக்கள்தொகை, விவசாயம் செய்வோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பங்கிடுகிறார்கள், மாநில அரசும் தன் பங்கைப் போட வேண்டும்.

இதில் என்ன குறை என்றால், நல்ல யோசனை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பணம் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும். 1972இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று, வேளாண் ஆய்வில் நிறைய வேலை தரம் குறைந்திருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. அதன் பிறகுதான் 1977 விவசாயச் சட்டத்தில் போட்டி கிராண்ட் நுழைந்தது. 1978இல் முதல் தொகை 1.5 கோடி டாலர்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். 1990 விவசாயச் சட்டம் போட்டி கிராண்டுக்கு வருடம் 50 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்றது. 1991இல் வந்தது 7.3 கோடி. 2008இல் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு ஆஃப்ரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய திட்டத்தை (வேளாண், உணவு ஆய்வு முன்முயற்சி)க் கொண்டுவந்தார்கள், இந்த முறை வருடம் 70 கோடி வரை என்றது சட்டம். 2010இல் வந்தது 26.2 கோடி. 2023இல் 45.5 கோடி. நாடாளுமன்றத்தில் சட்டம் எழுதுகிற குழு வேறு, பணம் ஒதுக்குகிற குழு வேறு. முதல் குழு விருந்துக்கு ஓலை அனுப்பும், அடுப்பில் எத்தனை படி அரிசி வேகும் என்பதை இரண்டாவது குழுதான் முடிவு செய்யும். அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவே 1900 முதல் 2011 வரையிலான கணக்கை எடுத்து, பொது ஆய்வில் போட்ட 1 டாலருக்குச் சராசரியாக 20 டாலர் பயன் திரும்பியது என்கிறது. அதே பிரிவுதான், 2002க்கும் 2019க்கும் நடுவில் பொது வேளாண் ஆய்வுச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றும் சொல்கிறது. இதைப் படித்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கேள்வி: யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? சிபாரிசு உண்டா? (சேலம் வாசகி)

நான் பார்த்தவரை சிபாரிசுக்கு அங்கே இடம் குறைவு. ஒரு அறையில் பதினைந்து பேர் அளவில் உட்கார்ந்திருப்போம், எல்லோரும் வெவ்வேறு பல்கலைக்கழகம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று பேராவது முன்கூட்டியே முழுக்கப் படித்து எழுத்தில் கருத்து கொடுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் “இவர் கேட்பது இது, செய்யப்போவது இது” என்று சுருக்கமாகச் சொல்வார், மற்ற இருவரும் தங்கள் கருத்தைச் சொல்வார்கள், அப்புறம் அறை முழுவதும் பேசும். உங்கள் பல்கலைக்கழகத்து விண்ணப்பமோ, உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியவரின் விண்ணப்பமோ வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். காபிக் குவளையோடு தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்த நேரங்கள் எனக்கு நிறைய உண்டு. கடைசியில் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக நிற்கும்: மிகச் சிறப்பு, உயர் முன்னுரிமை, நடுத்தரம், குறைந்த முன்னுரிமை, கொடுக்க வேண்டாம். இந்த வரிசையை மேலிருந்து கீழே எடுத்து வருவார்கள், பணம் தீர்ந்த இடத்தில் கோடு.

அந்தக் கோட்டுக்குக் கீழேயும் நல்ல விண்ணப்பங்கள் இருக்கும் என்பதுதான் வேதனை. வருடம் பூராவும் உழைத்து எழுதியது, எங்களில் யாருக்கும் அதில் பெரிய குறை தெரியவில்லை, ஆனாலும் பணம் தீர்ந்துவிட்டது. அப்படித் திரும்பி வந்தவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மதிப்பீட்டாளர் குறிப்புகளை ஒரு வாரம் மூடி வையுங்கள், கோபம் அடங்கியதும் படித்துத் திருத்தி அடுத்த முறை மறுபடி அனுப்புங்கள். எனக்குக் கிடைத்ததில் பாதி இரண்டாவது முறை அனுப்பியவைதான்.

கேள்வி: கிராண்டில் பல்கலைக்கழகம் பங்கு எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே? (சென்னை வாசகர்)

எடுக்கும். ஓவர்ஹெட் என்பார்கள்: மின்சாரம், கட்டிடம், கணக்கு அலுவலகம் இதற்கெல்லாம். ஆஃப்ரி போன்ற திட்டங்களில் மொத்தத் தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது 5 லட்சம் டாலர் கிடைத்தால் 1.5 லட்சம் வரை அங்கே போகலாம், மீதி 3.5 லட்சத்தில்தான் மாணவர் சம்பளம், வயல் கூலி, ரசாயனம், பயணம் எல்லாம். இதைக் கொள்ளை என்பவர்கள் உண்டு. பசுமைக்குடிலில் ஜனவரிக் குளிரில் ஒரு இரவு ஹீட்டர் நின்று, அதைச் சரிசெய்ய நள்ளிரவில் ஓடி வந்த ஊழியரைப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அவர் சம்பளம் எந்த விண்ணப்பத்திலும் எழுதப்பட்டிருக்காது.

கேள்வி: போட்டி இருந்தால் தரம் கூடும்தானே, பிறகு ஏன் குறை சொன்னீர்கள்? (திருநெல்வேலி வாசகர்)

தரம் கூடியது, அதை மறுக்கவே மாட்டேன். 2011இல் கோதுமைக்கும் பார்லிக்கும் சேர்த்து ஆஃப்ரி 2.5 கோடி டாலர் கொடுத்தது, 5 வருடத்துக்கு, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் தலைமையில். அதுவரை ஒவ்வொரு மாநிலத்து ஆட்களும் தங்கள் கோதுமையைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பணம் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களின் ஆய்வாளர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது, விதையும் மரபணுத் தகவலும் கை மாறின, பயிர்ப்பெருக்கம் படித்த ஒரு தலைமுறை மாணவர்கள் அதில் உருவானார்கள். பங்கிட்டுக் கொடுக்கிற பணத்தில் இது நடந்திருக்காது.

ஆனால் கிராண்டுக்குப் பருவம் தெரியாது. எங்கள் பக்கம் குளிர்காலக் கோதுமையை அக்டோபர் முதல் இரண்டு வாரத்தில் விதைத்தாக வேண்டும். ஒரு முறை செப்டம்பரில் வர வேண்டிய பணம் எங்கோ ஒரு மேசையில் தங்கி நவம்பர் நடுவில் வந்தது. விதையை ரகம் ரகமாகச் சின்னக் காகித உறைகளில் எடை போட்டு, எண் எழுதி, நடும் வரிசைப்படி தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தோம், 1,200 உறைகள். அப்படியே திருப்பிக் குளிர் அறையில் வைத்தோம். உழுது பதமாக்கிய நிலத்தில் களை வந்தது. 3 வருட கிராண்டில் ஒரு வருடம் போய்விட்டது, அந்த வேலையை நம்பி வந்த மாணவிக்குப் பட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போனது.

இன்னொன்று இதைவிடப் பெரிது. துரு நோய்க் கிருமி ஒவ்வொரு வருடமும் மாறுகிறது. 2000க்குப் பிறகு அமெரிக்காவில் மஞ்சள் துருவின் புதிய இனங்கள் முன்பைவிட அதிக வெப்பத்தையும் தாங்கிப் பரவின. இதைக் கண்டுபிடிக்க வருடா வருடம் அதே வயல்களுக்குப் போய், இலையைப் புரட்டிப் பார்த்து, மாதிரி எடுத்து வர வேண்டும். இதில் புதுமை எதுவும் கிடையாது, போன வருடம் செய்ததைத்தான் இந்த வருடமும் செய்வோம். புதுமைக்கு மதிப்பெண் போடுகிற குழுவில் இது மேலே வராது, நானே அந்தக் குழுவில் இருந்தால் மேலே போடுவேனா என்பது சந்தேகம். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மாரோ வயல் என்று ஒன்று இருக்கிறது, 1876 முதல் அதே மண்ணில் மக்காச்சோளச் சோதனை நடக்கிறது. வளாகத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதன் மேல் நிழல் விழக் கூடாது என்று பக்கத்தில் வந்த நூலகத்தைத் தரைக்குக் கீழே கட்டினார்கள். மண்ணின் வளம் ஒரு நூறு வருடத்தில் எப்படிக் குறைகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். 3 வருடம், 5 வருடம் என்று முடியும் கிராண்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த வயல் என்றைக்கோ வாகன நிறுத்துமிடம் ஆகியிருக்கும். அதனால்தான் பழைய ஹேட்ச் பணத்தையும் கூட்ட வேண்டும், போட்டிப் பணத்தையும் கூட்ட வேண்டும் என்கிறேன். ஒன்றை வெட்டி இன்னொன்றில் போடுவது உழவு மாட்டை விற்று விதை வாங்குகிற கதைதான்.

கேள்வி: கொடுத்த கிராண்டைப் பாதியில் நிறுத்த முடியுமா? (ஈரோடு வாசகர்)

முடியும், நிறுத்தியும் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பணத்தை முடக்கியபோது, அதை நம்பிப் பல்கலைக்கழகங்களில் இயங்கிய ஆய்வகங்கள் மூடும் நிலைக்கு வந்தன, ஆப்பிரிக்க விவசாயிகளோடு வேலை செய்த இல்லினாய்ஸ் சோயா ஆய்வகமும் அதில் ஒன்று. அதே வருடம் ஏப்ரலில் பருவநிலைக்கேற்ற விளைபொருள் திட்டம் என்ற 310 கோடி டாலர் திட்டத்தை வேளாண் துறை ரத்து செய்தது. அதிலும் பல பல்கலைக்கழகங்கள் இருந்தன.

கேள்வி: நான் கோவையில் முதுநிலை வேளாண்மை முடிக்கிறேன். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு இந்தப் பணத்தை நானே கேட்டு வாங்க முடியுமா? (கோவை வாசகி)

ஆஃப்ரியில் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனி உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். நீங்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. மனம் தளர வேண்டாம், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேறு வழியில்தான் போகிறார்கள்: பேராசிரியர் வாங்கிய கிராண்டில் ஆய்வு உதவியாளராகச் சம்பளம், கல்விக் கட்டணமும் பெரும்பாலும் அதிலேயே அல்லது பல்கலைக்கழகத்தின் சலுகையில்.

ஆகவே பேராசிரியரிடம் பேசும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தக் கிராண்டில் என்னை எடுக்கிறீர்கள், அது முடிய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? 4 வருடப் படிப்புக்கு 2 வருடப் பணம்தான் இருக்கிறது என்றால் மீதிக்கு என்ன ஏற்பாடு, கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைக்குமா? பணம் தாமதமானால் வயல் வேலைக்குப் பதில் ஆய்வகத்தில் செய்ய ஏதாவது இருக்கிறதா? நல்ல பேராசிரியர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், என்னிடம் இப்படிக் கேட்ட மாணவர்களை நான் கூடுதலாகத்தான் மதித்தேன். தொலைபேசியில் சொன்னதை அப்புறம் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு விசா நேர்காணலுக்குத் தேதி எடுங்கள்.