வீட்டுக் கணினியில் பிடிஎஃப் உருவாக்க, விலை குறைந்த மென்பொருள் எது?

வீட்டில் ஒரு கணினி இருக்கிறது, கடிதம், விண்ணப்பம், சில படங்கள் இதையெல்லாம் அவ்வப்போது பிடிஎஃப் ஆக்க வேண்டியிருக்கிறது, கைக்கு அடக்கமான விலையில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் வாங்காதீர்கள். உருவாக்குவது மட்டும்தான் வேலை என்றால் அந்த வசதி பெரும்பாலும் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. பிரின்ட் பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இது தெரியாமல் நானும் மாட்டியிருக்கிறேன். மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய ஒரு விண்ணப்பம், இணைப்புகளோடு சேர்த்து 22 பக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு ‘இலவச பிடிஎஃப்’ என்று தேடி, முதலில் வந்த ஏதோ ஒன்றை இறக்கி, கேட்ட இடத்திலெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். ஃபைல் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சாய்வாக அந்த மென்பொருளின் பெயரும் வந்தது. அதை எடுக்கப் பணம் கட்ட வேண்டுமாம். போதாக்குறைக்கு பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் மாற்றி வைத்துவிட்டது. கடுப்பில் நண்பனுக்கு போன் போட்டேன். “பிரின்ட் கொடுத்துப் பார்த்தியா?” என்றான். என்கிட்ட பிரின்டரே இல்லையே என்றேன். “பிரின்டர் எதுக்குடா?” என்றான். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் எந்த ஃபைலையும் திறந்து கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்துங்கள், பிரின்டர் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் காகிதத்துக்குப் பதில் ஃபைலுக்குப் பெயர் கேட்கும். மேக்கில் பிரின்ட் பெட்டியிலேயே பிடிஎஃப் என்று இருக்கும், லினக்ஸில் ‘பிரின்ட் டு ஃபைல்’. இணையப் பக்கம் என்றால் குரோமில் பிரின்டர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதெல்லாம் சும்மா கிடைக்கிறதே, தரமாக இருக்குமா என்ற சந்தேகம் வரலாம். பிடிஎஃப் 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம்தான், ஆனால் 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற சர்வதேசப் பொதுத் தரமாகிவிட்டது. விதிமுறை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதைப் படித்துவிட்டு பிடிஎஃப் எழுதும் மென்பொருள் செய்யலாம். அதனால்தான் இத்தனை இலவசங்கள். காசு கொடுத்தால்தான் ‘அசல்’ பிடிஎஃப் என்பதெல்லாம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பிரின்ட் வழியாக வரும் பிடிஎஃப்பும், எழுதும் மென்பொருளே நேரடியாகச் சேமித்துத் தரும் (எக்ஸ்போர்ட்) பிடிஎஃப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ளே வேறு. பிரின்ட் என்றால் கணினி அதைக் காகிதமாகவே நினைத்துக்கொள்கிறது, காகிதத்தில் லிங்கை யார் தட்டப்போகிறார்கள், அதனால் பெரும்பாலும் லிங்குகள் செத்துப்போகும், தலைப்புகளிலிருந்து வரவேண்டிய புக்மார்க்கும் (தட்டினால் அந்தப் பகுதிக்குப் போகும் பக்கவாட்டுப் பட்டியல்) வராது. வேர்டில் எழுதினால் ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃப் என்று கொடுங்கள். வேர்ட் இல்லையென்றால் லிப்ரெஆபிஸ் போட்டுக்கொள்ளுங்கள், முழுக்க இலவசம், நான் தினமும் பயன்படுத்துவது அதுதான். ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்’ அழுத்தினால் வரும் பெட்டியில் படங்களின் தரத்தைக் குறைக்கலாம் (மெயிலில் போகாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் இதைத்தான் முதலில் தொட வேண்டும்), பாஸ்வேர்ட் போடலாம். அப்புறம் ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ என்று ஒரு டிக் இருக்கிறது பாருங்கள், அதைப் போட்டால் திருத்தக்கூடிய மூல ஆவணமும் அந்த பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து போகும், பின்னால் லிப்ரெஆபிஸில் திறந்து பிழை திருத்திக்கொள்ளலாம். மூல ஃபைலைத் தொலைக்கும் பழக்கம் உள்ள என் போன்றவர்களுக்கு இது வரம்.

தமிழில் எழுதுகிறவர் என்றால் கூடுதலாக ஒரு சோதனை. உருவான பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தில் ‘கோப்பு’ என்று அழகாகத் தெரிவது ஒட்டும்போது ‘ேகாப்பு’ என்று வந்து விழும் சில நேரம். பிடிஎஃப் எழுத்துகளை அவை பக்கத்தில் நிற்கும் இடத்தை வைத்துத்தான் வரைகிறது, கொம்பு இடது பக்கம் நிற்பதால் அது முதலில் வந்துவிடுகிறது. படிக்க மட்டும் என்றால் கவலையில்லை. தேட வேண்டும், யாராவது காப்பி செய்ய வேண்டும் என்றால் வேறு வழியில் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

காகிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்க நாப்ஸ்2, பல பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் பேசிக். இரண்டும் இலவசம். மேக் வைத்திருப்பவர்களுக்குச் சேர்ப்பதற்கு அதுகூடத் தேவையில்லை, மேக்கிலேயே இருக்கும் பிரிவ்யூவில் ஒரு ஃபைலின் பக்கங்களை இழுத்து இன்னொன்றில் போட்டால் ஆயிற்று.

சரி, காசு எங்கேதான் தேவைப்படும்? வேறு யாரோ அனுப்பிய பிடிஎஃப்புக்குள் போய் வாக்கியத்தையே மாற்ற வேண்டும் என்கிறபோது. லிப்ரெஆபிஸோடு வரும் டிரா என்ற படம் வரையும் மென்பொருளில் திறந்து பார்த்திருக்கிறேன், ஒரு பத்தி பத்தியாக வராமல் வரி வரியாகத் தனித்தனிப் பெட்டிகளாகச் சிதறி வரும், ஒரு சொல்லைச் சேர்த்தால் அடுத்த வரி நகராது. பிடிஎஃப்புக்கு பத்தி என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் காரணம். இந்த வேலை வாரா வாரம் இருக்கிறது என்றால் கட்டண மென்பொருளைப் பற்றி யோசியுங்கள், அதுவும் மாதச் சந்தாவா ஒரே தடவை விலையா என்று பார்த்துவிட்டு. எப்போதோ ஒரு முறை என்றால் அனுப்பியவரிடமே மூல ஃபைலைக் கேட்டுவிடுவது சுலபம்.

பிரவுசரிலேயே மாற்றித் தரும் இணையதளங்களும் நிறைய இருக்கின்றன. சமையல் குறிப்பு என்றால் தாராளமாக ஏற்றுங்கள், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை இதையெல்லாம் நான் ஏற்றமாட்டேன், பெரும்பாலும் அவை வேறு யாருடைய சர்வருக்கோ போய்த்தான் திரும்பி வருகின்றன.

விண்டோஸில் நான் சொன்ன ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ பிரின்டர் பட்டியலில் இல்லையென்றால் பதறிப்போய் எதையும் இறக்காதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்று தேடி, வரும் பட்டியலில் அதற்கு எதிரே டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள், வந்துவிடும்.