வறுமையின் நடுவே ஒரு குழந்தையின் கருணையை உண்மையாகக் காட்டிய, நம்மில் பலர் பார்த்திராத பிறமொழிப் படம் எது?

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'மக்னிஃபிகோ' என்ற படத்தையே நான் தயங்காமல் சொல்வேன். மார்யோ ஜே. டெ லோஸ் ரெயெஸ் இயக்கியது. கதை, திரைக்கதை மிச்சிகோ யமமோட்டோ எழுதியது. 2004-இல் பெர்லின் திரைப்பட விழாவின் சிறுவர் பிரிவில் சிறந்த படத்துக்கான பளிங்குக் கரடி விருதைப் பெற்றது. அந்த விருதைத் தீர்மானிக்கும் நடுவர்கள் சிறுவர் சிறுமியர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால், இந்தப் படம் பெரியவர்கள் குழந்தைகளைப் பார்த்து உருகுவதற்காக எடுக்கப்பட்டதன்று என்று நான் நம்புகிறேன். ஒரு குழந்தை தன் வீட்டைப் பார்த்துப் போடும் கணக்குதான் இந்தப் படம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லகூனா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பம். பாட்டி மக்தாவுக்குப் புற்றுநோய் என்றும், அவர் அதிக நாள் இருக்க மாட்டார் என்றும் தெரியவருகிறது. மணிலாவில் உதவித்தொகையோடு படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் அந்தத் தொகையை இழந்து வீடு திரும்புகிறான். கடைக்குட்டிப் பெண்ணுக்கு மூளை முடக்குவாதம்; அவளால் நடக்க இயலாது. தந்தை நல்லவர்தான், ஆனால் ரூபிக் கனசதுரத்தைத் திருப்பித் திருப்பி ஏதாவது வழி பிறக்கும் என்று காத்திருக்கிறவர். இத்தனை பேருக்கும் நடுவில், யாருடைய எதிர்பார்ப்பிலும் இடம்பெறாத நடுப்பிள்ளையாக, ஒன்பது வயது மக்னிஃபிகோ இருக்கிறான். 'மகத்தானவன்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் அது. வீட்டில் அவனைப் பிக்கோய் என்றே அழைக்கிறார்கள்.

பாட்டி இறந்தால் சவப்பெட்டிக்கும் அடக்கத்துக்கும் பணத்துக்கு எங்கே போவது என்று பெற்றோர் பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. அவன் அழுவதில்லை, யாரிடமும் கேள்வி கேட்பதும் இல்லை. தன் தோழனைச் சேர்த்துக்கொண்டு, அங்கும் இங்கும் கிடைக்கும் மரத்துண்டுகளைப் பொறுக்கி, பாட்டிக்குத் தானே ஒரு சவப்பெட்டி செய்யத் தொடங்குகிறான்.

பாட்டி இன்னும் உயிரோடு, கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பெட்டி செய்வது நம் ஊரிலானால் வாயில் வைத்துப் பேசக்கூட முடியாத அபசகுனம். பிலிப்பைன்ஸிலும் அப்படியொன்றும் இயல்பான செயலன்று. ஆனால் அந்தச் சிறுவனுக்கு அதில் கொடூரம் எதுவும் தெரிவதில்லை. அம்மாவும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுகிற செலவு ஒன்று இருக்கிறது. அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தன் கையால் குறைக்க முடியும். குறைத்தால் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளியும். அவனுடைய அன்பு இவ்வளவுதான். பெரியவர்கள் சாவைப் பற்றிப் பேச அஞ்சி, விலையைப் பற்றிப் பேசக் கூசி, இரண்டையும் ஒருசேர மறைத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டையும் கூசாமல் பார்த்துவிடுகிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவன்தான்.

தங்கையிடம் அவன் நடந்துகொள்ளும் முறையும் இப்படித்தான். அவளுக்கு ஒரு சக்கர நாற்காலி வேண்டும் என்று காசு சேர்க்கிறான். நாற்காலி வரும்வரை அவள் வீட்டிலேயே கிடக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கும் 'பெர்யா'வுக்கு, அதாவது ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் நிறைந்த கேளிக்கைத் திடலுக்குப் புறப்பட்டுவிடுகிறான். சுமக்கிறவன் தானே ஒரு சின்னப் பையன். தங்கை அவனைவிட மிகச் சிறியவள் அல்லள். அந்த உடல் பாரம் நமக்கே முதுகில் உறைக்கிறது. ஆனால் அவன் முகத்தில் தியாகத்தின் சாயல் துளியும் இல்லை. அண்ணன் ஒருவன் தங்கையைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறான், அவ்வளவுதான். ஜிரோ மானியோ என்ற அந்தச் சிறுவனின் நடிப்பை நான் மதிப்பது இதனால்தான். பாட்டியாக வருபவர் குளோரியா ரொமேரோ. 1950-களில் சம்பகீட்டா பிக்சர்ஸ் நிறுவனத்தின் முன்னணி நாயகியாக விளங்கியவர், இங்கே ஒரு சிற்றூர்க் கிழவியாக உட்கார்ந்திருக்கிறார். நட்சத்திரம் ஒருவரைப் பார்க்கிறோம் என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

பிலிப்பைன்ஸ் சினிமாவின் வறுமை என்றால் வெளிநாட்டார் பலருக்கும் லீனோ ப்ரோக்கா 1970-களில் எடுத்த மணிலாச் சேரிப் படங்களே நினைவுக்கு வரும். அங்கே வறுமைக்கு எதிரி உண்டு, சுரண்டுகிறவன் உண்டு, கோபம் உண்டு. 'மக்னிஃபிகோ'வில் அப்படி ஒரு வில்லன் இல்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில், கைமாற்றும் கடனுமாக நாள் ஓடுகிற வீட்டில், ஒரு நோய் வந்தால் என்ன ஆகும் என்பது மட்டுமே இருக்கிறது. இந்த வகை வறுமையைத்தான் நாம் அதிகம் அறிவோம் என்றாலும், திரையில் அதைக் குறைவாகவே பார்க்கிறோம்.

நான் இந்தப் படத்தைப் பார்த்த சூழலையும் சொன்னால்தான் என் பதில் முழுமையாகும். கத்தாரின் தலைநகரான தோஹாவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். உடன் வேலை செய்த செவிலியரில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் 'ஆத்தே' என்று அழைப்பார்கள். தகலோக் மொழியில் அக்கா என்று பொருள். என் காதுக்கு அது எங்கள் ஊரில் ஆத்தாவைக் கூப்பிடுவதுபோலவே ஒலித்ததால், நானும் முதல் வாரத்திலேயே அப்படி அழைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவர்கள் குடியிருப்பில் சோறும், 'அடோபோ' என்ற அவர்கள் ஊர் இறைச்சிக் குழம்பும் சமைத்து, இந்தப் படத்தைப் போட்டார்கள். பெற்றோர் இருவரும் அடக்கச் செலவைப் பேசும் இடம் வந்ததும் ஆத்தே படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய், முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீண்டும் ஓடவிட்டார். அறையில் இருந்த ஆறேழு பேரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

காரணம் எனக்குச் சில மாதங்கள் கழித்தே புரிந்தது. எங்கள் பிரிவில் துப்புரவுப் பணி செய்த பிலிப்பைன்ஸ் இளைஞர் ஒருவரின் தந்தை ஊரில் இறந்துவிட்டார்; அவரால் போக முடியவில்லை. மறுநாள் தேநீர் அறையில் ஒரு பழுப்பு உறையும், பள்ளிப்பிள்ளைகள் பயன்படுத்தும் ஒரு கோடு போட்ட நோட்டும் மேசைமேல் இருந்தன. அந்த உறையில் சேரும் பணத்துக்கு 'அபுலோய்' என்று பெயர். இறந்தவர் வீட்டுக்கு மற்றவர்கள் கொடுக்கும் உதவி. நம் மொய் போன்றதுதான், ஆனால் துக்கத்துக்கு உரியது. நோட்டில் பெயர், எதிரே தொகை. ஆத்தேயின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஐந்து ரியால் போட்டவர் பெயரும் நூறு ரியால் போட்டவர் பெயரும் ஒரே அளவில், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தன. நான் பணத்தை வைத்ததும் என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர்கள் நாட்டில் பிணத்தை உடனே எடுத்துவிடுவதில்லை. 'லாமாய்' என்ற துக்கக் காவல் பல நாள் நீளும். ஒரு வாரம் வைத்திருப்பதும் உண்டு. தொலைவில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர வேண்டும் என்பது ஒரு காரணம், உதவிப் பணம் சேர வேண்டும் என்பதும் ஒரு காரணம். இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் தர வேண்டும். பல ஊர்களில் பக்கத்திலேயே சீட்டாட்டம் நடக்கும். ஆட்டத்திலிருந்து ஒரு பங்கு இறந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது முறையற்றதாகத் தோன்றலாம், ஆனால் பெட்டிக்கும் கல்லறைக்கும் கொடுக்க வேண்டிய பணத்தை ஊரே சேர்ந்து திரட்டும் வழி இது. இந்தப் பின்னணி தெரிந்த பிறகு படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். சிறுவன் செய்வது ஏதோ விசித்திரமான குழந்தைத்தனம் என்று முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் அவன் தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்கள் காலங்காலமாகச் செய்வதையே, கையில் காசு இல்லாததால் ஆணியும் பலகையுமாகச் செய்கிறான்.

தகலோக் மொழியில் கருணைக்கு 'ககந்தாஹாங் லோஓப்' என்று ஒரு சொல் உண்டு. 'லோஓப்' என்றால் உள், உள்ளம். 'ககந்தாஹான்' என்றால் அழகு. உள்ளத்தின் அழகு என்று சொல்லலாம். இரக்கத்துக்கு 'அவா' என்று வேறு சொல் இருக்கிறது. இரங்குவதற்கு நாம் ஒரு படி மேலே நிற்க வேண்டும், அந்த மேட்டில் நிற்கிறவர்கள் படத்தில் அநேகமாக யாரும் இல்லை. மக்னிஃபிகோ ஊரில் சிடுமூஞ்சிகள் என்று பெயரெடுத்த பெரியவர்களிடமும் போய்ப் பேசுகிறான், உதவுகிறான். அவர்கள் பாவம் என்பதற்காகப் போவதில்லை, அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதற்காகப் போகிறான்.

குறை என்று எனக்குப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வாறு அவனைச் சந்தித்து மனம் மாறும் பெரியவர்களில் சிலர் கொஞ்சம் எளிதாகவே மாறிவிடுகிறார்கள். பிற்பகுதியில் கண்ணீரை வரவழைத்தே தீருவது என்ற பிடிவாதமும் தெரிகிறது. அந்த இடங்களில் படம் நம் பழைய குடும்பப் படங்களுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஆனாலும் அதுவரை சேர்த்து வைத்திருக்கும் நேர்மை அதைத் தாங்கிக்கொள்கிறது.

அந்தப் பெட்டி கடைசியில் என்னவாகிறது என்பதை இங்கே எழுத மாட்டேன். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால், முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள்; படம் முடிந்ததும் அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

நான் தோஹாவில் இருந்தபோதே ஊரில் என் அப்பத்தா இறந்துபோனார்கள். செய்தி வந்த அன்று பிற்பகல் ஆத்தே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கோடு போட்ட நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, பெட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் பெட்டி கிடையாது, எரித்துவிடுவோம் என்றேன். சற்று யோசித்தார். பேனாவின் மூடியைக் கழற்றியபடியே, "அப்படியானால் விறகுக்கு எவ்வளவு?" என்றார்.