புதுப் புராசஸர் போட்டும் கணினி மெதுவாகத் திறக்கிறதா?

ஐயா, ஆத்தங்குடியில் உள்ள உங்கள் டைல்ஸ் கடைக் கணினிக்குப் புதுப் புராசஸர் போட்டும் பில் மென்பொருள் திறக்க மூன்று நிமிடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியருகே காதை வைத்துக் கேளுங்கள். திறக்கும் நேரம் முழுவதும் கரகரவென்று சத்தம் வந்தால் தாமதம் சுழலும் தட்டில் தகவலைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான்.

1980-இல் வந்த 5 மெகாபைட் டிஸ்க் நிமிடத்துக்கு 3600 முறை சுற்றியது. இன்றைய டிஸ்க் பல டெராபைட் கொள்ளும். சுற்றோ பெரும்பாலும் 7200தான். கேட்ட தகவல் அதைப் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லிநொடி வேண்டும். அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் புராசஸர் ஒரு கோடித் துடிப்புகளைத் தாண்டிவிடும். புராசஸருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற நுண் சுவிட்சைச் சுருக்கிக்கொண்டே போகலாம். சுழலும் தட்டை அப்படி விரட்டினால் சூடும் அதிர்வும் ஏறிவிடும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸையும் பில் மென்பொருளையும் அதற்கு மாற்றுங்கள். கானாடுகாத்தானில் தம்பி கடையில் இதைத்தான் செய்தோம். பழைய டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள், கணக்குகளின் நகலுக்கு உதவும்.